அறக்கட்டளைகளின் நஞ்சு குறைப்பு உதவிகள்: எதற்கு எத்தனை மதிப்பெண்?

விவசாயத்தில் நஞ்சைக் குறைக்கிறோம் என்று வரும் அறக்கட்டளைகளின் உதவி ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். பயிற்சி, இயற்கை இடுபொருள், பூச்சிப் பொறியும் ஒட்டுண்ணி அட்டையும், தெளிப்பான் சீரமைப்பு, காலி டப்பா சேகரிப்பு, பழைய மருந்து அகற்றல், பரிசோதனை, மாறும் காலத்துக்கான பணம். உதவி வாங்கப்போகும் உழவர் குழுவும் சரி, பணம் போடப்போகும் அறங்காவலரும் சரி, கடையில் சாமான் பார்ப்பதுபோல இவற்றைப் புரட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இலவசமாக வருவதைக் குறை சொல்லலாமா என்று தயங்குவதில் அர்த்தமில்லை. அந்த இலவசத்தை நம்பி ஒரு பருவத்தைப் பணயம் வைப்பவர் உழவர்தான். இங்கே 5-க்கு இத்தனை என்று போட்டிருக்கும் மதிப்பெண்ணுக்கு ஒரே அளவுகோல்: பணம் நின்று மூன்று ஆண்டு கழித்தும் அந்த நிலத்துக்குள் போகும் நஞ்சு குறைவாகவே இருக்குமா?

பயிற்சி

பணம் அதிகம் போவதும் இங்கேதான், வீணாவதும் இங்கேதான். ஒருநாள் கூட்டம், பதாகை, கைப்பை, வருகைப் பதிவேட்டில் 200 கையெழுத்து. இதற்கு 5-க்கு 1. அந்த 1-ம் நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொண்டதற்காக.

உருப்படியான மாதிரி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவில் புகையான் என்ற தத்துப்பூச்சி நெல்லை வாரிக்கொண்டு போனபோது, அதைப் பெருக்கிவிட்டதே பூச்சிமருந்துதான் என்று தெரியவந்தது. சிலந்தி போன்ற இயற்கை எதிரிகள் மருந்தில் செத்துவிட, புகையானைத் தின்ன ஆளில்லாமல் போனது. 1986-ல் அந்த நாடு 57 மருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது, 1989-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் கொண்ட குழு, ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு காலை வயலில் இறங்கும். ஒரு வயலில் வழக்கமான தெளிப்பு. இன்னொன்றில் பூச்சியையும் அதன் எதிரியையும் எண்ணிப் பார்த்து, அதன்பிறகே முடிவு. எண்ணியதைத் தாளில் படமாக வரைந்து, தெளிக்கலாமா வேண்டாமா என்று குழுவே வாதாடித் தீர்க்கும். பயிற்றுநர் விடை சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் பெரும்பாலான பயிற்றுநர்களால் கடைப்பிடிக்க முடிவதில்லை.

இதற்கு 4 தரலாம். ஒரு மதிப்பெண் போவது இரண்டு பிழைகளால். ஒன்று, இரண்டு வயலையும் ஒட்டியே வைத்துவிடுவது. பக்கத்து வயலின் மருந்துச் சாரல் இந்தப் பக்கத்துச் சிலந்தியையும் கொல்லும். பிறகு, மருந்தில்லாத வயலிலும் பூச்சி அதிகம் என்ற தப்பான பாடம் பதிந்துவிடும். இரண்டாவது, நிதி ஆண்டுக்கும் பயிர் ஆண்டுக்கும் பொருந்தாமை. தவணை வந்து சேர்வதற்குள் பயிர் பூத்துவிட்டால், பள்ளி தொடங்கும் வாரத்தில் பார்க்க வேண்டிய பூச்சி வந்துபோயிருக்கும். விதைப்புக்கு ஆறு வாரம் முன்பே முதல் தவணை கையில் வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள்.

தெளிப்பான் சீரமைப்பு

இது மருந்தை நிறுத்தவில்லையே, குறைக்கத்தானே செய்கிறது என்று தூய இயற்கை வழிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். போட்ட பணத்துக்கு நஞ்சு குறைவது என்று பார்த்தால் இதற்கு நிகராக நிற்பது கொஞ்சம்தான். 5-க்கு 4½.

காரணம் தெளிப்பு முனையில் இருக்கிறது. பித்தளை முனையும் பிளாஸ்டிக் முனையும் சீக்கிரம் தேயும். பீங்கான் முனை நெடுநாள் தாங்கும். தேய்ந்த முனை கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும், அளந்தால்தான் குட்டு வெளிப்படும். தொட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரே அழுத்தத்தில் புது முனையையும் பழைய முனையையும் ஒவ்வொரு நிமிடம் அளவு குவளையில் பிடியுங்கள். பழையது 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கொட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கணக்கு இது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 600-ஆல் பெருக்கி, தெளிப்பு அகலத்தை மீட்டரிலும் நடை வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்து, இரண்டின் பெருக்கலால் வகுத்தால் எக்டேருக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 0.8 லிட்டர் கொட்டும் புது முனை, 1 மீட்டர் அகலம், மணிக்கு 3.6 கிலோமீட்டர் நடை என்றால் 133 லிட்டர். முனை தேய்ந்து 1 லிட்டர் கொட்டினால் 167. மருந்து கலக்கும் விகிதம் மாறாததால் நிலத்துக்குப் போகும் நஞ்சும் கால்பங்கு கூடிவிடுகிறது. போட்டவருக்கே தெரியாது.

நல்ல சீரமைப்புச் சேவை முனையோடு நிற்காது. முதுகில் மாட்டும் தெளிப்பானின் மூடி வாஷரையும் மாற்றும். அது வெடித்திருந்தால் கலவை முதுகு வழியே வழிந்து சட்டையில் ஊறும். உடம்புக்குள் நஞ்சு புக அதுவே போதும். களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி முனை, பூச்சி மற்றும் பூஞ்சாண மருந்துக்குக் குழிக்கூம்பு முனை என்று இரண்டையும் கொடுக்கும். அடைத்துக்கொண்டால் தேய்க்க ஒரு பழைய பல்தூரிகையையும் கையில் திணிக்கும். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், வாயால் ஊதினால் மருந்து வாய்க்குள் போகும். முகாம் நடத்தி ஒருமுறை மாற்றிவிட்டுப் போனால் போதாது. உள்ளூர்ப் பழுதுபார்ப்பவர் ஒருவருக்கு அளவு குவளை, அழுத்தமானி, உதிரி முனைகள் கொடுத்துப் பழக்கிவிட்டால்தான் மறு பருவத்துக்கும் சேவை இருக்கும்.

பொறியும் ஒட்டுண்ணியும்

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி நல்ல சாமான். பெரும்பாலும் தப்பாகக் கொடுக்கிறார்கள். எக்டேருக்கு 12 அளவில் வைத்தால் பெரும்பாலான காய்ப்புழுக்களின் வரவைக் கண்காணிக்கலாம். அதை வைத்தே பூச்சியை ஒழிக்கலாம் என்பது தனிக்கணக்கு. அதற்குப் பொறி பல மடங்கு வேண்டும், பக்கத்து வயல்களும் சேர வேண்டும். அந்த வாசனையை வெளிவிடும் கவர்ச்சி வில்லை மூன்று நான்கு வாரத்தில் வலுவிழக்கும். பொறியை மட்டும் கொடுத்து மாற்று வில்லையைக் கொடுக்காத திட்டத்தில், இரண்டாம் மாதம் வயலில் காலிப் பொறிதான் ஆடிக்கொண்டிருக்கும். பூச்சி விழவில்லை, ஆபத்தில்லை என்று உழவர் நம்பியிருப்பார். ஒரு வகைப் பூச்சியின் வில்லையைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட்டாலும் வேலை கெடும்.

டிரைக்கோகிரம்மா என்பது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் மிகச் சிறு குளவி. அதைச் சுமந்து வரும் முட்டை ஒட்டுண்ணி அட்டை உயிருள்ள சரக்கு. ஒரு சிசி அட்டையில் சுமார் 18,000 முதல் 20,000 முட்டை இருக்கும். வண்டியில் வெயிலில் கிடந்தாலும், மேலாளர் மேசையில் இரண்டு நாள் தங்கினாலும், பிரிக்கும்போது வெறும் அட்டைதான் மிஞ்சும். துண்டுகளாக வெட்டி, மாலையில், இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். எறும்பு ஏறினால் தின்றுவிடும். அந்துப்பூச்சி முட்டையிடும் வாரத்தில் விட்டால்தான் பலன். புழு கண்ணில் பட்டபிறகு அட்டை கட்டுவது வெள்ளம் வந்தபின் அணை போடுவதுதான். எனவே இந்தச் சேவையை மதிப்பிட அட்டை எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். உற்பத்திக் கூடம் எத்தனை மணி நேரத் தூரத்தில் இருக்கிறது, கேட்ட எத்தனையாம் நாளில் வந்து சேரும் என்று கேளுங்கள். கூடம் பக்கத்தில் இருந்தால் 4, தொலைவில் என்றால் 1.

இடுபொருள்

எடைபோட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். 4 டன் தானியம் விளைந்தால், தானியத்தோடு மட்டும் 50 முதல் 80 கிலோ தழைச்சத்து நிலத்தைவிட்டு வெளியேறுகிறது. நல்ல தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவில்தான் இருக்கும்: டன்னுக்கு 5 கிலோ. அதிலும் முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இரண்டு மூட்டை மண்புழு உரமும் ஒரு புட்டி நுண்ணுயிர்க் கரைசலும் கொடுத்துவிட்டு, இனி யூரியா வேண்டாம் என்று சொல்லும் திட்டத்துக்குக் கணக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை. நன்றாக வளர்ந்த பயறுவகைப் பசுந்தாள் பயிரைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் எக்டேருக்கு 50 கிலோவுக்கு மேல் தழைச்சத்து சேரும். ஆகவே மூட்டை கொடுப்பவரைவிட, பசுந்தாள் விதையைப் பருவத்துக்கு முன்பே கொண்டுவந்து சேர்ப்பவர் மேல்.

வெளியிலிருந்து வரும் மட்கு உரத்தில் இன்னொரு வில்லங்கம். குளோபைரலிட், அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் தெளித்த புல்லை மாடு தின்றாலும் அவை சிதையாமல் சாணத்தில் வரும், மட்கிய பிறகும் இருக்கும். அவரை, தக்காளிக் குடும்பப் பயிர்களின் இலை சுருண்டு நெளியும். சோதனை எளிது: மட்கு ஒரு பங்கு, சந்தேகமில்லாத மண் ஒரு பங்கு கலந்து மூன்று தொட்டியிலும், வெறும் மண்ணை மூன்று தொட்டியிலும் நிரப்பி, அவரை விதை ஊன்றி மூன்று வாரம் பாருங்கள். மட்குத் தொட்டியில் மட்டும் துளிர் கிண்ணம்போல் மடங்கினால் அந்தச் சுமையைத் திருப்பி அனுப்புங்கள். கழிவுநீர்க் கசடு கலந்த உரமென்றால் கன உலோகம், எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனங்கள் என்று கவலை இன்னும் பெரிது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-ல் கசடை நிலத்தில் இடுவதையே தடை செய்தது. மணிச்சத்து தரும் பாஸ்பேட் உரத்திலும் காட்மியம் என்ற நச்சு உலோகம் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 முதல் ஒரு கிலோ மணிச்சத்துக்கு 60 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இடுபொருளோடு பகுப்பாய்வுச் சான்று வராவிட்டால் 5-க்கு 2-க்கு மேல் போட மனம் வரவில்லை.

டப்பா, கழுவுநீர், பழைய சரக்கு

அறக்கட்டளைகள் அதிகம் தொடத் தயங்கும் இடம் இது. படம் எடுத்தால் அழகாக இருக்காது. ஆனால் கிணற்றுக்கும் ஓடைக்கும் நஞ்சு போகும் பெருவழி வயலைவிட, மருந்து கலக்கும் இடமும் தெளிப்பான் கழுவும் இடமும்தான் என்பது பல இடங்களில் அளந்து பார்த்த உண்மை.

காலி டப்பாவை மும்முறை அலச வேண்டும். மருந்து தீர்ந்ததும், உள்ளே காய்வதற்குமுன், கால்வாசி தண்ணீர் ஊற்றி மூடி 30 விநாடி குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே ஊற்றி, சொட்டு நின்றபின்னும் 30 விநாடி கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். இப்படி மூன்று தரம். பிறகு அடியில் ஓட்டை போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குள் போய்விடும். சேகரிப்பு மையம் அலசாத டப்பாவைத் திருப்பி அனுப்பும் கண்டிப்போடு இருக்க வேண்டும். எடைக்குக் காசு என்று வைத்தால் மக்கள் அலசாமலே கொண்டுவருவார்கள். மிச்ச மருந்தும் எடைதானே. எண்ணிக்கைக்குக் கொடுப்பது மேல். வாங்கிய டப்பா எங்கே போகிறது என்றும் கேளுங்கள். வாளியாகவும் பொம்மையாகவும் திரும்பி வருமென்றால் அந்தச் சேவைக்குப் பூஜ்யம்.

தெளிப்பான் கழுவிய நீருக்கு உயிர்ப்படுகை, அதாவது மருந்தை நுண்ணுயிரால் சிதைக்கும் குழி. 1993-ல் ஸ்வீடனில் தொடங்கியது. 60 சென்டிமீட்டர் ஆழக் குழி, அடியில் 10 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் 50 சென்டிமீட்டர் கலவை, மேலே புல். கலவை கன அளவில் வைக்கோல் 50 சதவீதம், கரிக்களி (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய தாவரப் பொருள், பீட்) 25, மேல்மண் 25. கரிக்களி கிடைக்காத இடத்தில் நன்கு மட்கிய உரம். வைக்கோலை மட்கவைக்கும் வெண்பூஞ்சாணத்தின் நொதிகள் மருந்து மூலக்கூறையும் சேர்த்து உடைக்கின்றன. வைக்கோலைக் குறைத்து மண்ணைக் கூட்டினால் படுகை வெறும் குழியாகிவிடும். கலவையைக் குவித்து ஒன்றிரண்டு மாதம் பதப்படுத்திய பிறகே நிரப்ப வேண்டும். வைக்கோல் மட்கித் தாழ்வதால் ஆண்டுக்கு ஒருமுறை மேலே நிரப்பு. காய்ந்தாலும் வேலை நிற்கும். மழைநீர் நேரே இறங்கி ஊறினாலும் நிற்கும், கூரை தேவைப்படலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது சிந்தியதற்கும் கழுவிய நீருக்கும்தான். மீந்த கெட்டி மருந்தை இதில் கொட்டினால் பூஞ்சாணமே செத்துவிடும். பராமரிப்புக்கு ஆள் பெயர் எழுதப்பட்டிருந்தால் 4½.

காலாவதியான, தடை செய்யப்பட்ட சரக்கு வேறு உலகம். நெடுநாள் சிதையாத நஞ்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு 2004-ல் நடைமுறைக்கு வந்தது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து 2011-ல் அதன் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் சேர்ந்த நாளில் கிடங்கில் இருந்த மூட்டை அதன்பின் எங்கே போனது என்பதுதான் கேள்வி. குழிதோண்டிப் புதைப்பது தள்ளிப்போடுவது; திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கிளம்பும். குளோரின் மிகுந்த நஞ்சுக்கு 1,100 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் 2 விநாடியாவது நிற்கும் உலை வேண்டும். சிறு அறக்கட்டளையால் உலை கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். அதனால் ஆகக்கூடியது கணக்கெடுப்பு, கசியும் சாக்கைப் பாதுகாப்பான பீப்பாய்க்கு மாற்றுவது, பூட்டிய கூரையடியில் வைப்பது, அரசின் அகற்றல் திட்டத்தில் வரிசை பிடித்துக் கொடுப்பது. பயிற்சி பெறாத தொண்டர்களைக் கையுறை போட்டு அள்ளச் சொல்லும் அமைப்பை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பரிசோதனை

விளைபொருளில் எச்சம் இல்லை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். தாளில் எந்தெந்த மூலக்கூறு தேடப்பட்டது என்று பாருங்கள். பெரும்பாலான கூடங்கள் 2003-ல் வெளியான குவெச்சர்ஸ் முறையில் பிரித்து நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே ஓட்டத்தில் தேடுகின்றன. களைக்கொல்லிகளான கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் அந்த ஓட்டத்தில் சிக்காது. மாங்கோசெப் வகைப் பூஞ்சாண மருந்துக்கும் தனிச் சோதனை. களைக்கொல்லி அதிகம் அடிக்கும் பகுதியில் அந்தத் தாள் சுத்தமாக இருப்பதில் வியப்பில்லை.

கிணற்று நீரில் நைட்ரேட்டுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். மேலே உரம் குறைந்ததன் பலன் ஆழக் கிணற்றுக்கு வர ஆண்டுக்கணக்காகும், ஏனென்றால் முன்பு போட்டது இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டாண்டுத் திட்டம் அதை வெற்றிக்கான அளவுகோலாக வைத்தால் தோற்றதாகத்தான் தெரியும், அல்லது யாராவது எண்ணைத் திருத்துவார்கள். குறுகிய காலத்துக்கு வாங்கிய மருந்தின் ரசீது, தெளிப்பு எண்ணிக்கை, அறுவடைக்குப்பின் மண்ணில் மீந்த நைட்ரேட் ஆகியவையே நேர்மையான அளவுகள்.

பழைய நஞ்சுள்ள நிலமென்றால் பயிர்த் தேர்வுக்குமுன் மண்ணைப் பாருங்கள். பல பத்தாண்டு முன் போட்ட டைல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை வெள்ளரி, பூசணிக் குடும்பக் கொடிகள் மற்றப் பயிர்களைவிட அதிகமாக உறிஞ்சும். உழவர் ஒரு சொட்டு மருந்தும் போடாமல் விளைந்த காய் பரிசோதனையில் தோற்கும் விநோதம் இப்படித்தான் வருகிறது.

மாறும் காலத்துக்கான பணம்

உண்மையான சேவை இதுதான், கொடுப்பவர்கள் குறைவு. ரசாயனத்தை விட்டு மாறி இயற்கை விவசாயச் சான்று கிடைக்க ஆண்டுப் பயிர் நிலத்துக்கு 2 முதல் 3 ஆண்டு ஆகும். அந்த இடைக்காலத்தில் விளைச்சல் குறையும், நல்ல விலையும் வராது. அடி உழவர்மேல் மட்டும் விழுகிறது. ஒரேயடியாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி: 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. மண்ணுக்கோ விதைக்கோ பழக்கத்துக்கோ அவகாசம் தரப்படவில்லை.

நல்ல ஒப்பந்தம் நிலத்தில் கால்பங்கை முதல் ஆண்டு எடுத்துக்கொள்ளும். அக்கம்பக்கத்து வழக்கமான வயல்களின் சராசரியைவிடக் குறைந்த விளைச்சலுக்கு ஈடு கொடுக்கும். ஈட்டுக்கு உச்சவரம்பு உண்டு, முதல் ஆண்டைவிட மூன்றாம் ஆண்டில் விகிதம் குறைவு. அறுவடையை மூன்றாம் ஆள் எடைபோடுவார். பூச்சி கைமீறினால் ஒருமுறை தெளிக்கவும் அதில் இடமிருக்கும், மறைக்காமல் சொன்னால் தண்டனை இல்லை என்ற பிரிவோடு. அந்தப் பிரிவு இல்லாத திட்டத்தில் தெளிப்பு இரவில் நடக்கும், பதிவேடு சுத்தமாக இருக்கும். இந்தப் பிரிவுகள் எல்லாம் இருந்தால் முழுதாக 5.

வயலுக்கு வெளியே போடும் பணம்

அறக்கட்டளைப் பணம் எந்தப் பக்கமும் சாயும். 1960-ல் ஃபோர்டு, ராக்கஃபெல்லர் அறக்கட்டளைகள் சேர்ந்து சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கின. உரம் போட்டால் அதிகம் விளையும் குட்டை ரகங்கள் அங்கிருந்து பரவின. விளைச்சல் உயர்ந்தது, இடுபொருளும் உயர்ந்தது. ஒரு நன்கொடை ஒரு கண்டத்தின் விவசாயத்தையே திருப்பும் என்றால், அது ஆராய்ச்சியிலும் சட்டத்திலும் போட்ட பணமாகத்தான் இருக்கும். இலங்கை 1995-ல் மிகக் கொடிய வகை மருந்துகளையும் 1998-ல் எண்டோசல்பானையும் நிறுத்தியபின், 2005-க்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. மருந்துப் பதிவு அலுவலகத்துக்கு நச்சியல் வல்லுநர் இருவரின் சம்பளம், மருத்துவமனைகளில் எந்த மருந்தால் விஷம் ஏறியது என்ற பதிவேடு, கொடிய மருந்துக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடியவற்றின் பட்டியல்: ஆயிரம் பயிற்சி முகாமைவிட இவை ஆழமாகப் போகும். 5-க்கு 5, ஆனால் பெயர்ப்பலகை மாட்ட இடமில்லாததால் அறங்காவலர் கூட்டத்தில் இதை நிறைவேற்றுவது சிரமம்.

தெளிப்பவருக்குத் தரும் பாதுகாப்புப் பெட்டி பற்றி ஒரு வரி: துணிக் கையுறையும் தோல் கையுறையும் மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும், நைட்ரைல் கையுறை இல்லாத பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.